உப்புக்குள் மீன், அக்காவின் கையில் சுத்தியல்

நாங்கள் நான்கு பேரும் பழகியது ஒரு டிரைவிங் ஸ்கூல் காரின் பின்சீட்டில். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டிய ஸ்கூல் அது. காலையில் பெண்களுக்கென்று தனி வகுப்பு. ஒருத்தி ஓட்டும்போது மற்ற மூவரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். மாஸ்டரின் காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருந்தது. எங்களுக்கு முன்சீட்டின் முதுகுதான் இருந்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொள்வோம். அப்படி ஒன்றாகப் பயந்தவர்களுக்குள் சிநேகிதம் வர அதிக நாள் ஆகவில்லை.

எங்களில் மூத்தவர் அக்கா. வயதில் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். நூம்பலில் பிறந்து, நூம்பலிலேயே வாழ்க்கைப்பட்டு, எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்து சூப்பர்வைசராக உயர்ந்தவர். அடுத்தவர் டீச்சர். அம்பத்தூர்ப் பள்ளி ஒன்றில் கணக்கு எடுப்பவர். திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வருவார். சுத்த சைவம். சிரிக்காமலே மற்றவர்களைச் சிரிக்க வைப்பார். மூன்றாவது ஒரு கோயம்புத்தூர்ப் பெண். ஐ.டி. வேலை. அம்பத்தூரில் ஃபிளாட் எடுத்துத் தனியாக இருந்தாள். நான் கள்ளிக்குப்பம், கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் ஆபீசில் வேலை. பதினைந்து வருஷமாகக் கார் பாகங்களுக்கு பில் போட்டிருக்கிறேன், கிளட்ச் எந்தப் பக்கம் இருக்கும் என்று இந்த வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கா ஏன் இந்த வயதில் கார் கற்க வந்தார் என்பதை முதல் வாரமே சொல்லிவிட்டார். கத்தாரில் வேலை பார்க்கும் மகன் லீவுக்கு வந்தபோது ஒரு கார் வாங்கினான். லீவு முடிந்ததும் அதை வாசலில் நிறுத்தி, உறை போட்டு மூடிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டான். போகும்போது, பேட்டரி போய்விடும், வாரம் ஒரு தடவை சாவி போட்டு ஸ்டார்ட் செய்து வை என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

"நானும் ஞாயித்திக்கெழம ஞாயித்திக்கெழம ஸ்டார்ட் பண்ணிட்டு உள்ள குந்திகினு இருப்பேன்மா. ஏசி ஜில்லுனு வரும். வண்டி எங்கயும் போவாது. ஒரு நாளு தோணிச்சு, இன்னாத்துக்கு சும்மா குந்திகினு கீறோம், ஓட்டினே போவலாமேன்னு."

மகனுக்குத் தெரியாது. லைசென்ஸ் வந்ததும் சொல்கிறேன் என்றார். லைசென்ஸ் தபாலில் வந்தது. ஒரு தபா எங்கியாச்சும் ஓட்டிகினு போய்ட்டு வந்து சொல்றேன் என்றார்.

அந்த 'எங்கியாச்சும்' எங்கே என்பதுதான் கேள்வி. நான்கு பேருக்கும் லைசென்ஸ் வந்துவிட்டது, கொண்டாட வேண்டும். கோயம்புத்தூர்ப் பெண் போனைத் தட்டி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி தாண்டிப் புதிதாகத் திறந்த ஓட்டல். மத்திய தரைக்கடல் பாணிக் கடல் உணவு என்று போட்டிருந்தது. எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடம்தான் ஞாபகம் வந்தது. கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை. அங்கே என்ன சாப்பிடுவார்கள் என்று அந்தப் பாடத்தில் இல்லை.

"டீச்சர், உங்களுக்கு அங்க ஒண்ணும் இருக்காதே?" என்றேன்.

"ரொட்டி இருக்கும்ல? போதும். நீங்க மீனைச் சாப்பிடுங்க, நான் உங்களைப் பார்க்கிறேன்" என்றார் டீச்சர்.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை. மழை ஓய்ந்து தரை மட்டும் ஈரமாக இருந்தது. நாங்கள் மூவரும் நூம்பலுக்கு ஆட்டோவில் போய் இறங்கியபோது அக்கா பட்டுப்புடவையில் காருக்குள் தயாராக உட்கார்ந்திருந்தார். சீட் பெல்ட்டும் போட்டிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறார் என்று மருமகளைக் கேட்டோம். "வெளக்கு வெச்சதுலேந்து" என்றாள். புருஷனுக்கு எதுவும் சொல்லவில்லை என்று எங்களிடம் சத்தியம் செய்தாள். அவள் முகத்திலும் ஒரு குறும்புச் சிரிப்பு.

நூம்பலிலிருந்து நெடுஞ்சாலை கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்தை அக்கா இரண்டாவது கியரிலேயே கடந்தார். ஒரு தண்ணி லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்தது. ஒரு மாடு எங்களை முந்திப் போனது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை; கோயம்புத்தூர்ப் பெண் அதை வீடியோவே எடுத்து வைத்திருக்கிறாள். அக்கா ஒன்றையும் கண்டுகொள்ளவில்லை. நெற்றியில் வியர்வை, உதட்டில் முருகன் பெயர், இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

ஓட்டல் வாசலில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் ஓடி வந்து கதவைத் திறந்து, "சாவி குடுங்கம்மா, நாங்க பார்க் பண்ணிடுறோம்" என்றார்.

அக்கா சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "இன்னாத்துக்கு? என் வண்டிய நானே வுட்டுக்குறேன்."

இரண்டு கார்களுக்கு நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. பின்பக்கமாகத்தான் போக முடியும். அக்கா முதல் தடவை போனபோது ஒரு பூந்தொட்டி வரை போய் நின்றார். இரண்டாவது தடவை திரும்பவும் அதே பூந்தொட்டி. தொப்பிக்காரர் விசிலை ஊதினார். சமையல்கட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வந்தார். "ஒடி ஒடி ஒடி" என்றார் ஒருவர். "நேரா நேரா" என்றார் இன்னொருவர். "லெஃப்ட்ல ஒடிங்கம்மா, உங்க லெஃப்ட்டு இல்ல, என் லெஃப்ட்டு!"

டீச்சர் கதவைத் திறந்து கீழே இறங்கினார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "யாரும் பேசக் கூடாது" என்றார்.

அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே எல்லோரும். தொப்பிக்காரர் வாயிலிருந்து விசிலை எடுத்தார். பஞ்சர் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். அந்த அமைதியில் அக்கா கண்ணாடியைப் பார்த்தார், ஸ்டியரிங்கை ஒடித்தார், கோடு போட்ட மாதிரி காரை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார். சமையல்கட்டு ஆட்கள் கை தட்டினார்கள். அக்கா இறங்கிப் புடவையை நீவிவிட்டு, ஏதோ தினமும் செய்கிற வேலை போலப் படியேறினார். பாதிப் படியில் எனக்காக நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை முழுக்க ஈரம். எங்களுக்குச் சிரிப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

உள்ளே எல்லாமே வெள்ளையும் நீலமும். சுவரில் நீல ஜன்னல்களை வரைந்து, அந்த ஜன்னல்களுக்குள் கடலையும் வரைந்திருந்தார்கள். உத்தரத்திலிருந்து மீன் வலை தொங்கியது. கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வெளியே நெடுஞ்சாலையில் லாரியின் ஏர் ஹாரன் கேட்டது. எங்கள் மேசைக்கு வந்தவர் மீசை நரைத்த, நடுவயதைத் தாண்டிய மனிதர். மாலுமி மாதிரி நீலக்கோடு போட்ட பனியன் போட்டிருந்தார். தொப்பையில் கோடுகள் வளைந்து போயிருந்தன. மெனுவில் ஒரு பெயரையும் எங்களால் வாசிக்க முடியவில்லை. கோயம்புத்தூர்ப் பெண்ணே இரண்டாவது வரியில் திணறினாள்.

"இங்க எல்லாமே நடுவுல வைக்கிறதுதான் மேடம். ஷேர் பண்ணிச் சாப்பிடறது. நானே பார்த்துக் கொண்டுவரட்டுமா?" என்றார் அவர்.

"கொண்டா அண்ணாத்தே. காரம் மட்டும் கொஞ்சம் தூக்கலா போடச் சொல்லு" என்றார் அக்கா.

முதலில் ஒரு கிண்ணத்தில் கறுப்பும் பச்சையுமாக உருண்டைகள் வந்தன. அக்கா நாவற்பழம் என்று நினைத்து ஒன்றை எடுத்து வாயில் போட்டார். முகம் ஒரு பக்கமாகக் கோணியது. ஒரு கண் மூடிக்கொண்டது. பட்டுப்புடவை கட்டியிருந்ததால் துப்பவும் முடியவில்லை.

"ஆலிவ் மேடம்" என்றார் மாலுமி.

"மாங்காய மண்ணெண்ணெயில ஊற வெச்சா மாதிரி கீது" என்றார் அக்கா. ஆனால் கை திரும்பவும் கிண்ணத்துக்குப் போனது. "இல்ல, மெய்யாலுமே அப்பிடித்தான் கீதான்னு பாக்குறேன்." அப்படிப் பார்த்துப் பார்த்தே கிண்ணத்தைக் காலி செய்துவிட்டார்.

அடுத்து, தட்டையான ரொட்டிகள், தொட்டுக்கொள்ள வெளுத்த விழுது ஒன்று. டீச்சர் விரல் நுனியில் எடுத்துச் சுவைத்தார். கண்ணை மூடி யோசித்தார். "கொண்டைக்கடலை. எள்ளு. பூண்டு. எலுமிச்சம்பழம். தோசைக்குக்கூட நல்லா இருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லி, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஒரு சிக்கல். கோயம்புத்தூர்ப் பெண் ரொட்டியைக் கடித்துவிட்டு, கடித்த ரொட்டியைத் திரும்பவும் அதே கிண்ணத்தில் தோய்த்தாள். டீச்சர் கிண்ணத்தை மெல்ல இடது பக்கம் நகர்த்தினார். அந்தப் பெண்ணின் கை இடது பக்கம் வந்தது. டீச்சர் வலது பக்கம் நகர்த்தினார். கையும் வலது பக்கம் வந்தது.

"ஏனுங்க டீச்சர், இந்தக் கிண்ணம் ஏனுங்க ஓடிட்டே இருக்குது?"

"எச்சில்மா" என்றார் டீச்சர், மிகவும் சாதாரணமாக.

அவள் கையில் இருந்த ரொட்டியைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். "ஐயோ! சாரிங்க டீச்சர்!" என்று தலையில் கை வைத்தாள், ரொட்டியில் இருந்த விழுது முடியில் ஒட்டிக்கொண்டது. அக்கா சிரிக்க ஆரம்பித்தார். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பாதி மூக்கு வழியாக வந்தது. மாலுமி டீச்சருக்கு மட்டும் தனியாக இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். அது சீக்கிரமே தீர்ந்துபோனது. அதன் பிறகு டீச்சரே எங்கள் கிண்ணத்துக்குள் ரொட்டியை விட்டார். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "என்ன?" என்றார் டீச்சர். ஒன்றுமில்லை என்றோம்.

கணவாய் மீனை வளையம் வளையமாக வெட்டிப் பொரித்திருந்தார்கள். அது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒரு நீளமான பீங்கான் தட்டில் ஆக்டோபஸ். சுட்டு, எண்ணெய் தடவி, கால்களை விரித்து, அது பாட்டுக்குப் படுத்திருந்தது. அக்கா மீன் குழம்பில் பிறந்து வளர்ந்தவர்; அவரே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எத்தினி காலும்மா அதுக்கு?"

டீச்சர் எட்டிப் பார்த்தார். "எட்டு. சாப்பிடறவங்க மூணு பேர். வகுபடாது." பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆளுக்கு ரெண்டு, மீதி ரெண்டு. அந்த மீதியை யார் சாப்பிடறதுன்னு இப்பவே முடிவு பண்ணிக்கங்க, அப்புறம் சண்டை வரக் கூடாது" என்றார்.

சண்டை வந்தது. முதல் துண்டை மூவரும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்து வாயில் வைத்தோம். புகை வாசனை, எலுமிச்சை, மெல்ல மெல்ல இனிப்பு. கடைசி இரண்டு காலுக்காக அக்காவும் கோயம்புத்தூர்ப் பெண்ணும் முள்கரண்டியால் வாள் சண்டை போட்டார்கள். அந்தச் சமயத்தில் நான் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டேன்.

அடுத்துத்தான் மீன். மாலுமி ஒரு தள்ளுவண்டியில் வெள்ளைக் குன்று ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். குன்றின் ஒரு முனையில் வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"முழு மீன் மேடம். கல்லுப்புல பொதிச்சு அடுப்புல வேக வைக்கிறது."

அக்கா அந்தக் குன்றைச் சுற்றிப் பார்த்தார். "அண்ணாத்தே, உப்புல பொதச்சா அது கருவாடாச்சே?"

"இல்ல மேடம். உப்பு மேலோட நின்னுடும். உள்ள பஞ்சு மாதிரி இருக்கும்." அவர் ஒரு சின்ன மரச் சுத்தியலை எடுத்தார். "விருந்தாளிங்க யாராவது ஒருத்தர் தட்டி உடைக்கணும். அதுதான் இங்க வழக்கம். மெதுவா, முட்டையைத் தட்டுற மாதிரி."

சுத்தியல் தானாகவே அக்காவின் கைக்குப் போனது. அவர் எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துச் செருகினார். இரண்டு முறை குறி பார்த்தார். நெடுஞ்சாலையில் காரை ஓட்டிவந்து பின்பக்கமாக நிறுத்திய தெம்பு முழுவதும் அந்தக் கையில் இருந்தது போலிருக்கிறது. ஓங்கி ஒரே போடு.

குன்று வெடித்தது. உப்பு எங்கள் தலையில், மடியில், தண்ணீர் டம்ளரில். ஒரு பெரிய கட்டி பறந்துபோய்ப் பக்கத்து மேசையில் விழுந்தது. அங்கே ஒரு குடும்பம் அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத் தலைவர் சூப்பிலிருந்து அந்தக் கட்டியைக் கரண்டியால் எடுத்தார். துடைத்தார். எழுந்து வந்து, "இது உங்களோடதுங்களா?" என்று எங்கள் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் எங்களால் முடியவில்லை. அப்படி ஒரு சிரிப்பு எனக்குக் கல்லூரி நாட்களில்கூட வந்ததில்லை. கோயம்புத்தூர்ப் பெண் மேசைக்கு அடியில் போய்விட்டாள். அக்கா சுத்தியலைப் பிடித்தபடியே நாற்காலியில் சரிந்து, "ஐயோ வவுறு வலிக்குது, வவுறு வலிக்குது" என்றார். டீச்சர்கூட, எப்போதும் சிரிக்காத டீச்சர், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. ஒருத்தி ஓய்ந்தால் இன்னொருத்தி "உங்களோடதுங்களா" என்பாள். மறுபடியும் ஆரம்பிக்கும். மீன் மட்டும் உப்புக்குள் பத்திரமாக, மாலுமி சொன்ன மாதிரியே பஞ்சாக இருந்தது. அவர் முள்ளை நீக்கி எங்கள் தட்டுகளில் பரிமாறினார். அவர் மீசையிலும் உப்பு.

"ஏதாவது விசேஷமா மேடம்? பிறந்த நாளா?" என்று கேட்டார்.

"ஆமாங்க!" என்றாள் கோயம்புத்தூர்ப் பெண் மேசைக்கு அடியிலிருந்து. அவளுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது.

"யாருக்கு?"

மூன்று விரல்கள் அக்காவைக் காட்டின. மாலுமி சந்தோஷமாக உள்ளே ஓடினார்.

"அடிப்பாவிங்களா, நான் எப்போ பொறந்தேன்னு எனக்கே தெரியாது" என்றார் அக்கா.

"சர்ட்டிபிகேட்ல இருக்குமே?" என்றேன்.

"அது வாத்தியாரு போட்டதும்மா. எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு ஜூன் மாசம்னு எழுதிட்டாரு. எங்க கிளாசுல அத்தினி பேரும் ஒரே மாசத்துல பொறந்தவங்க." இன்னும் சிரிப்பு அடங்காமல் மூச்சு வாங்கினார். பிறகு முகம் கொஞ்சம் யோசனையானது. "எங்கம்மா சொல்லும், நல்ல மழைக்காலமாம். ஏரி ரொம்பி வழிஞ்சுதாம். ஊட்டுக்குள்ள தண்ணி. பரண் மேல ஏத்திதான் என்னப் பெத்துச்சாம்."

"கார்த்திகையா?" என்றார் டீச்சர்.

"இருக்கும்."

"இப்ப கார்த்திகைதான். அப்ப இன்னைக்கா இருக்க வாய்ப்பு இருக்கு. முப்பதுல ஒண்ணு. அது சின்ன வாய்ப்பு இல்ல."

அக்கா டீச்சரையே பார்த்தார். "அப்ப பொய்யி இல்லங்கிற?"

"நிரூபிக்க முடியாது. அவ்வளவுதான்."

விளக்குகள் மங்கின. மாலுமியும் இன்னும் நான்கு ஐந்து பேரும் கை தட்டிக்கொண்டு, பாடிக்கொண்டு வந்தார்கள். தட்டில் தேன் சொட்டும் ரவை கேக், அதன் மேல் ஒரு மெழுகுவர்த்தி. உப்புக்கட்டி விழுந்த குடும்பமும் சேர்ந்து பாடியது. பாட்டு முடிந்தது. "ஊதுங்க மேடம்" என்றார் மாலுமி.

அக்கா அசையவில்லை. "வெளக்க வாயால ஊதி அணைக்கிறதா? அதெல்லாம் ஆவாது."

"மேடம், இது பர்த்டே மெழுகுவர்த்திதான்..."

"இன்னாவா இருந்தா இன்னா? எரியிற வெளக்குதான? எரியட்டும். தானா மலையேறட்டும்."

மாலுமி எங்களைப் பார்த்தார். நாங்கள் டீச்சரைப் பார்த்தோம். "அவங்க சொல்றது சரிதான்" என்றார் டீச்சர். சும்மா நிற்பது எப்படி என்று ஒருவர் பாட்டை மறுபடி ஆரம்பித்தார். முடிந்தது. மெழுகுவர்த்தி பாதிகூடக் குறையவில்லை. மறுபடி பாடினார்கள். மூன்றாவது சுற்றில் பக்கத்துக் குடும்பத்துப் பாட்டியம்மா தமிழில் சொந்தமாக இரண்டு வரி சேர்த்துப் பாடினார். சமையல்கட்டிலிருந்து ஒருவர் பாத்திரத்தில் தாளம் போட்டார். பாடகர்கள் களைத்து ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டலே ஒரு சின்ன மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா நடுவில் கை கூப்பி, முகத்தில் அந்த வெளிச்சம் ஆட, புன்னகை மாறாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு யாரும் இதுவரை பாடியதில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிரித்துக்கொண்டே இருந்தேன், கண் மட்டும் கலங்கிவிட்டது.

சுடர் கடைசியாக ஒருமுறை எம்பி அணைந்ததும் எழுந்த கைதட்டல் நெடுஞ்சாலை வரை கேட்டிருக்கும். அந்தச் சத்தத்தில் அக்காவின் போன் அடித்தது. மகன். தினமும் அந்த நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவான். அக்கா யோசிக்காமல் எடுத்துவிட்டார்.

"எங்கம்மா கீற? இன்னா சத்தம்?"

"ஓட்டல்ல நைனா. எனக்கு இன்னிக்குப் பொறந்த நாளு."

"பொறந்த நாளா? உனக்கா?" அவன் முகம் திரைக்கு மிக அருகில் வந்தது. "தலையில இன்னாம்மா வெள்ளையா?"

"உப்பு."

"யாரு கூட்டிகினு வந்தது?"

அக்கா எங்களைப் பார்த்தார். "நான்தான்டா எல்லாரையும் கூட்டிகினு வந்தேன். உன் வண்டியில. நானே ஓட்டிகினு."

திரையில் அவன் அசையவில்லை. போன் நின்றுவிட்டதோ என்று கோயம்புத்தூர்ப் பெண் எட்டிப் பார்த்தாள். இல்லை, அவன் வாயைத் திறந்தபடி இருந்தான். அக்கா கைப்பையிலிருந்து லைசென்ஸ் அட்டையை எடுத்துத் திரைக்கு நேராகக் காட்டினார், தலைகீழாக. டீச்சர் அதைத் திருப்பி வைத்தார்.

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமாம்மா உனக்கு?" என்றான்.

"ரெண்டு வண்டிக்கு நடுவுல வுட்டுட்டு வந்து குந்தினு கீறேன்."

"காட்டு. எனக்குக் காட்டு."

ஆக, கேக்கை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் நால்வரும் போனைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினோம். மாலுமியும் வந்தார். அக்கா காரைச் சுற்றி நடந்து முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்க இடைவெளி எல்லாவற்றையும் காட்டினார். தொப்பிக்காரர் சாட்சி சொன்னார்: "சூப்பரா உட்டாங்க சார்." மகன் எல்லாவற்றையும் பார்த்தான். பிறகு சிரித்தான். சிரிப்பு நீண்டு, கடைசியில் கைமுட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அந்த எடத்துல என்னால வுட முடியாதும்மா. மெய்யாலுமே முடியாது."

"நீ வா நைனா, நான் சொல்லித் தரேன்" என்றார் அக்கா.

மேலே போய்க் கேக்கைத் தின்றோம். விரலில் ஒட்டிய தேனை நக்கிக்கொண்டே ஒரே தட்டில் நான்கு கரண்டிகள், டீச்சர் உட்பட. பக்கத்துக் குடும்பத்துக்கும் ஒரு துண்டு அனுப்பினோம். அந்த மனிதர் அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, உப்பு இல்லையே என்று சைகையில் கேட்டார். அது இன்னொரு சுற்றுச் சிரிப்பு.

திரும்பும்போது திருவேற்காட்டு வழியாக வந்தோம். அக்கா இப்போது மூன்றாவது கியருக்குப் போனார். தூறல் விழுந்ததும் வைப்பர் என்று நினைத்து இண்டிகேட்டரைப் போட்டார். அதற்கப்புறம் இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரை. டீச்சரை அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு இறக்கிவிட்டோம். அவர் ஜன்னல் வழியாகக் குனிந்து, "அக்கா, நல்லா ஓட்டினீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் அப்படி மாணவர்களைப் பாராட்டுவது வருஷத்தில் ஒருமுறைதான் என்று கேள்வி. அடுத்து கோயம்புத்தூர்ப் பெண் இறங்கினாள். கள்ளிக்குப்பத்தில் என் தெருமுனை வந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இனிமேல் காரில் அக்கா மட்டும்தான். மாஸ்டர் இல்லை, பின்சீட்டில் நாங்கள் இல்லை.

"அக்கா, நான் நூம்பல் வரைக்கும் கூட வந்துட்டு ஆட்டோல திரும்பிடுறேன்."

"வேணாம்மா."

"மழை வேற தூறுது..."

அக்கா என் பக்கம் திரும்பினார். தலைமுடியில் இன்னும் கொஞ்சம் உப்பு மின்னியது. "கண்ணு, இத்தினி வருஷம் பஸ்சுல, வேனுல, ஆட்டோல யாராச்சும் ஒருத்தர் பக்கத்துல குந்தினுதான் போய்க்கினு வந்துகினு கீறேன். இன்னிக்கு ஒரு தபா தனியா போறேன். எறங்கு."

வீட்டு வாசலில் இறங்கினேன். காரின் கதவை மூடினேன். அக்கா கண்ணாடியைச் சரி செய்தார், கியரைத் தொட்டார். பிறகு ஏசியைக் கூட்டிவைப்பது தெரிந்தது. ஏதோ பாட்டையும் போட்டுக்கொண்டார். கார் மெதுவாக நகர்ந்து, ஒரு நாயைச் சுற்றி, தெருவை விட்டு மெயின் ரோட்டுக்குத் திரும்பியது. வாசலில் நின்று காத்திருந்த என் கணவர், "என்ன, இப்படித் தனியாச் சிரிச்சிக்கிட்டு நிக்கிற?" என்றார். புடவையை உதறினேன், கல்லுப்பு பொலபொலவென்று படியில் கொட்டியது.

நான் உப்பு போகத் தலைக்குக் குளித்து, முடியை உலர்த்தி முடித்தபோது போன் வந்தது.

"வந்துட்டேன்" என்றார் அக்கா. "நாலாவது கியரு போட்டேன்மா!"